டாக்டருக்கு இருபதாயிரம் சைட்டேஷனாமே! நுரையீரல் புற்றுநோய் நிபுணரின் ஆய்வுக் கணக்கைப் படிப்பது எப்படி?

மும்பைத் தமிழர் வீடுகளில் புற்றுநோய் என்ற பேச்சு எழுந்தால் அடுத்து வரும் சொல் ‘டாட்டா’. பரேலில் 1941இல் திறக்கப்பட்ட டாட்டா மெமோரியல் மருத்துவமனையைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறோம். திருநெல்வேலியிலிருந்தோ விழுப்புரத்திலிருந்தோ ஒருவர் சிகிச்சைக்குக் கிளம்புகிறார் என்றால் செம்பூரிலோ தாராவியிலோ முலுண்டிலோ இருக்கும் உறவுக்காரர் வீட்டுக்கு முதலில் ஃபோன் வரும். இப்போதெல்லாம் ஃபோனுக்கு முன்பே வாட்ஸப்பில் ஒரு படம் வந்துவிடுகிறது. யாரோ ஒரு டாக்டரின் கூகுள் ஸ்காலர் பக்கம், அதாவது அவர் எழுதிய ஆய்வுக்கட்டுரைகளைக் கூகுள் தொகுத்துக் காட்டும் பக்கம். ஓரத்தில் கம்பி கம்பியாக ஒரு வரைபடம், அதற்கு மேல் ‘சைட்டேஷன் 20,000, எச் இண்டெக்ஸ் 58’ என்ற மாதிரி எண்கள். கூடவே ஒரு கேள்வி: “இவர்தான் நம்பர் ஒன்னாமே, இவரிடமே காட்டிவிடலாமா?”

வீட்டில் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். அந்த எண்ணைப் பிளஸ் டூ மார்க் மாதிரி படித்து, 20,000 வாங்கியவர் 8,000 வாங்கியவரைவிட இரண்டரை மடங்கு கெட்டிக்காரர் என்று முடிவு கட்டுவது ஒரு கட்சி. “பேப்பர் எழுதுகிறவனுக்கு பேஷண்ட்டைப் பார்க்க நேரம் ஏது?” என்று மொத்தமாகத் தள்ளிவிடுவது இன்னொரு கட்சி. அந்த எண் எதை எண்ணுகிறது என்று இரண்டு பேருமே பார்ப்பதில்லை. பார்த்தால் அதில் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் நாம் தேடிப் போகும் பதில் அதில் இல்லை.

சைட்டேஷன் என்றால் என்ன?

டாக்டர் ஒருவர் தன் ஆய்வின் முடிவை எழுதி, அதைத் துறை வல்லுநர்கள் சரிபார்த்த பிறகு வெளியிடும் பத்திரிகைதான் ஆய்விதழ். அதில் வருவது ஆய்வுக்கட்டுரை, பேச்சுவழக்கில் பேப்பர். ஒவ்வொரு பேப்பரின் முடிவிலும் ஒரு பட்டியல் இருக்கும்: இதை எழுத நாங்கள் துணைக்கொண்ட பழைய பேப்பர்கள் இவை என்று. உங்கள் பேப்பர் இன்னொருவரின் அந்தப் பட்டியலில் ஒருமுறை இடம்பெற்றால் உங்களுக்கு ஒரு சைட்டேஷன். ஆயிரம் பேப்பர்களின் பட்டியலில் வந்தால் ஆயிரம். அவ்வளவுதான்.

மாட்டுங்காவில் புதிதாக வருகிறவருக்கு வழி சொல்லும்போது “கிங்ஸ் சர்க்கிள்ல அரோரா தியேட்டர் தெரியுமா? அங்கேருந்து…” என்று ஆரம்பிப்போம். ஒரு நாளில் எத்தனை பேர் அந்தத் தியேட்டரின் பெயரைச் சொல்லி வழி காட்டினார்கள் என்று எண்ணினால், எல்லோரும் போகும் பாதையில் அது நிற்கிறது என்பது உறுதியாகத் தெரியும். அங்கே ஓடுகிற படம் நன்றாக இருக்கிறதா, இருக்கை வசதியா, ஏசி வேலை செய்கிறதா என்று அந்த எண்ணிக்கை சொல்லாது. சைட்டேஷனும் அப்படித்தான். பின்னால் வரும் ஆய்வாளர்கள் எந்த பேப்பரைத் தொட்டுக்கொண்டு நடந்தார்கள் என்பதன் எண்ணிக்கை அது.

இப்படி எண்ணலாம் என்று 1955இல் யோசனை சொன்னவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. பழைய பேப்பரில் தவறு இருப்பது பின்னால் தெரியவந்தால், அதை நம்பி எழுதியவர்கள் யார் யார் என்று தேடிப் பிடிக்க ஒரு வழி வேண்டும். அதற்காகத்தான் அவர் இதை முன்வைத்தார். 1964இல் அது ‘சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்’ என்று பெருந்தொகுதிகளாக அச்சில் வந்தது. தேடுவதற்குச் செய்த கருவி நாளடைவில் ஆளை அளக்கும் கருவியாக மாறியதுதான் இன்றைய குழப்பத்துக்கெல்லாம் மூலம் என்பேன்.

இப்போது எண்ணித் தருகிறவர்கள் முக்கியமாக மூன்று பேர்: வெப் ஆஃப் சயின்ஸ், ஸ்கோபஸ், கூகுள் ஸ்காலர். ஒரே டாக்டருக்கு மூன்றும் மூன்று எண்ணைக் காட்டும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுச் சுருக்கம், இன்னும் சரிபார்க்கப்படாத முன்பதிப்பு எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வதால் பெரும்பாலும் அதில்தான் எண் பெரிதாக இருக்கும். ஒரு டாக்டரின் ஸ்கோபஸ் எண்ணை இன்னொருவரின் கூகுள் எண்ணோடு ஒப்பிடுவது ஆரம்பத்திலேயே தப்பான கணக்கு.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சைட்டேஷன் என்பது பிற ஆய்வாளர்கள் ஒரு பேப்பரைக் குறிப்பிட்ட தடவைகள். யார் எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும்.

குறிப்பிட்டால் பாராட்டுகிறார்கள் என்று பொருளா?

உலகில் மிக அதிகம் சைட்டேஷன் பெற்ற பேப்பர் 1951இல் ஆலிவர் லோரியும் அவரோடு வேலை செய்தவர்களும் எழுதியது. மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஏதோ ஒரு நோய்க்கு மருந்து கண்டுபிடித்த பேப்பராக்கும் என்று நினைப்போம். ஒரு திரவத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் ஒரு செய்முறை, அவ்வளவுதான். ஆய்வுக்கூடங்களில் தினமும் செய்கிற வேலை அது. செய்தவர்களெல்லாம் அந்த பேப்பரைக் குறிப்பிட்டார்கள்.

நேர் எதிரான கதையும் உண்டு. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டு ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு 1998இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய பேப்பர் 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதற்கும் சைட்டேஷன் ஏராளம். அதில் பெரும்பகுதி “இது தவறு” என்று சொல்வதற்காகவே குறிப்பிட்டவை. எண்ணும் இயந்திரத்துக்குத் திட்டும் ஒன்றுதான், பாராட்டும் ஒன்றுதான்.

நுரையீரல் புற்றுநோய்க்கு வருவோம். இத்துறையில் எந்த பேப்பரை எடுத்தாலும் முதல் வரி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: உலகில் புற்றுநோயால் நேரும் மரணங்களில் நுரையீரல் புற்றுநோயே முதலிடம். இந்த வரிக்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்பதால் எல்லோரும் உலகப் புற்றுநோய்ப் புள்ளிவிவரப் பேப்பரைக் குறிப்பிடுவார்கள். அதன் சைட்டேஷன் பல்லாயிரக்கணக்கில் ஏறும். மறுபக்கம், புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை 1950இல் பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்டு ஹில்லும் எழுதிக் காட்டினார்கள். சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படம் வரும் அளவுக்கு அந்த உண்மை ஊரறிந்துவிட்டது. அதனாலேயே அதைச் சொல்லும் ஒவ்வொருவரும் அவர்கள் பேப்பரைத் தேடிப்போய்க் குறிப்பிடுவதில்லை. ஒரு கண்டுபிடிப்பு பொதுஅறிவாகக் கரைந்துவிட்டால் சைட்டேஷன் அதைப் பின்தொடர்வதில்லை.

பரேலில் பிறந்த ஒரு பேப்பர்

இனி ஒரு நிஜ பேப்பரை எடுத்துக்கொண்டு, சைட்டேஷன் எப்படிச் சேர்கிறது என்று பார்ப்போம். கொஞ்சம் பின்னணி வேண்டும்.

நுரையீரல் புற்றுநோய் ஒரே நோய் இல்லை. சிலருடைய கட்டியில் இ.ஜி.எஃப்.ஆர். என்ற மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கும். செல்லை ‘வளர், வளர்’ என்று தூண்டும் சுவிட்ச் அதனால் அணையாமலே எரிந்துகொண்டிருக்கும். ஜெஃபிடினிப் என்ற மாத்திரை அந்தச் சுவிட்சை அணைக்கிறது. இந்த மாற்றம் உள்ளவர்களுக்குத்தான் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்பதை 2004இல் பாஸ்டன் நகரின் இரண்டு குழுக்கள் தனித்தனியே கண்டுபிடித்தன. 2009இல் ஹாங்காங் மருத்துவர் டோனி மோக் தலைமையில் ஆசிய நோயாளிகளிடம் நடந்த பெரிய பரிசோதனையின் முடிவு வந்தது. மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு கீமோதெரபியைவிட மாத்திரை நோயை அதிக காலம் கட்டுப்படுத்துகிறது, மாற்றம் இல்லாதவர்களுக்கு கீமோதான் மேல் என்று அது காட்டியது. கட்டியின் மரபணுவைப் பார்க்காமல் மருந்து எழுதக்கூடாது என்ற வழக்கம் நிலைபெற்றதில் இதற்குப் பெரிய பங்குண்டு.

அதற்குப் பிறகு ஒரு கேள்வி மிச்சமிருந்தது. மாத்திரையா, கீமோவா என்று ஏன் கேட்க வேண்டும்? இரண்டையும் சேர்த்தே கொடுத்தால்? டாட்டா மெமோரியலில் வனிதா நோரோன்ஹா, குமார் பிரபாஷ் உள்ளிட்ட குழு 350 நோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்துச் சோதித்தது. ஒரு பிரிவுக்கு ஜெஃபிடினிப் மட்டும். மற்ற பிரிவுக்கு அதோடு பெமெட்ரெக்செட், கார்போபிளாட்டின் என்ற கீமோ மருந்துகளும். நோய் மறுபடி முன்னேறாமல் அடங்கியிருந்த காலம் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கு நடுமதிப்பாக 8 மாதம். இரண்டும் எடுத்தவர்களுக்கு 16 மாதம். நடுமதிப்பு என்றால், பாதிப் பேருக்கு அதைவிடக் குறைவு, பாதிப் பேருக்கு அதிகம். இந்தப் பலன் இலவசமாக வரவில்லை. கடுமையான பக்கவிளைவு முதல் பிரிவில் 25 சதவீதம் பேருக்கு, இரண்டாம் பிரிவில் 51 சதவீதம் பேருக்கு. இது 2020இல் அமெரிக்காவின் ‘ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் ஆன்காலஜி’ இதழில் வந்தது.

இதற்கு சைட்டேஷன் எங்கிருந்து வரும்? ஜப்பானில் இதே சேர்க்கையைச் சோதித்த இன்னொரு குழுவின் பேப்பரும் அதே ஆண்டு, அதே இதழில் வெளியானது. ஆகவே பின்னால் எழுதுகிறவர்கள் இரண்டையும் ஜோடியாகக் குறிப்பிடத் தொடங்கினார்கள். இதுவரை வந்த எல்லாப் பரிசோதனைகளையும் கூட்டிப்பார்க்கும் தொகுப்பாய்வுகள் குறிப்பிடும். சிகிச்சை வழிகாட்டி எழுதுகிறவர்கள் குறிப்பிடுவார்கள். பக்கவிளைவு அதிகமாயிற்றே, இது எல்லோருக்கும் தேவையா என்று எதிர்வாதம் வைப்பவர்களும் குறிப்பிடுவார்கள். இதற்கிடையே ஓசிமெர்டினிப் என்ற புதிய மாத்திரை வந்துவிட்டது. அதோடு கீமோ சேர்த்தால் என்ன ஆகும் என்று சோதித்த பன்னாட்டுப் பரிசோதனையின் முடிவு 2023இல் வெளியானது: நோய் அடங்கியிருந்த காலம் மாத்திரை மட்டும் என்றால் 16.7 மாதம், சேர்த்துக் கொடுத்தால் 25.5 மாதம். மாத்திரை வேறு, கேள்வி அதே.

இந்தச் சங்கிலியைப் பார்த்தால் சைட்டேஷன் எதைச் சரியாகப் பிடிக்கிறது என்பது விளங்கும். ஒரு கேள்வி ஓர் ஊரில் எழுந்து எங்கெல்லாம் போனது என்ற தடத்தை அது காட்டும். அது காட்டாததும் இதே கதையில் இருக்கிறது. ஜெஃபிடினிப் இந்தியாவில் ஜெனரிக்காக, அதாவது பல கம்பெனிகளும் தயாரிக்கும் மருந்தாக, குறைந்த விலையில் கிடைக்கிறது. புதிய மாத்திரை பல குடும்பங்களுக்கு எட்டாத விலை. ஆக, எட்டும் விலையிலுள்ள மருந்தை வைத்து இன்னும் நன்றாகச் செய்ய முடியுமா என்பது நம் ஊருக்கு முக்கியமான கேள்வி. பணக்கார நாட்டு ஆய்வாளர்கள் பழைய மாத்திரையை விட்டு நகர்ந்துவிட்டால் அங்கிருந்து சைட்டேஷன் குறையும். சயானிலோ சேலத்திலோ ஒரு நோயாளிக்கு அந்தச் சேர்க்கை கிடைத்துப் பலன் தந்தால் அதற்கு ஒரு சைட்டேஷன்கூட ஏறாது.

ஒரு டாக்டரின் கணக்கு எப்படி வளர்கிறது?

புற்றுநோய் மருத்துவத்தில் டி.எம். என்ற மேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர் முதலில் எழுதுவது பெரும்பாலும் அபூர்வமான ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பாக இருக்கும். அதை யாரும் அதிகம் குறிப்பிட மாட்டார்கள். அடுத்து, தன் மருத்துவமனையின் பழைய கோப்புகளைப் புரட்டி, எத்தனை பேருக்கு என்ன சிகிச்சை, என்ன முடிவு என்று எழுதுவார். பிறகு மூத்தவர்களின் பரிசோதனையில் ஒருவராகச் சேர்வார். தானே ஒரு பரிசோதனையை வடிவமைத்து நடத்த ஆண்டுகள் பிடிக்கும். நோயாளிகளைச் சேர்க்க, காத்திருந்து பலனைப் பார்க்க, எழுத, இதழ் ஏற்க என்று ஒவ்வொரு கட்டமும் இழுக்கும். வெளியான பிறகு அதைப் படித்து இன்னொருவர் எழுதி அதுவும் வெளிவர ஓரிரு ஆண்டு. வாட்ஸப் படத்தில் இந்த ஆண்டுக் கம்பி உயரமாகத் தெரிகிறதே, அது அவர் இந்த ஆண்டு செய்த வேலையின் உயரம் இல்லை. பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு முன் தொடங்கிய வேலையின் வட்டி. இப்போதுதான் மிகச் சிறந்த வேலையைச் செய்துகொண்டிருக்கும் நாற்பது வயதுக்காரரின் கம்பி குட்டையாகவே இருக்கும்.

அடுத்தது, ஒரு பேப்பரில் எத்தனை பேர் என்பது. மருத்துவப் பேப்பரில் ஆசிரியர்களை வரிசைப்படுத்த ஒரு வழக்கம் உண்டு. வேலையைத் தூக்கிச் செய்து எழுதியவர் பெயர் முதலில், திட்டத்துக்குத் தலைமை தாங்கிய மூத்தவர் பெயர் கடைசியில், நடுவில் மற்றவர்கள். மருந்துக் கம்பெனி பல நாடுகளில் நடத்தும் பரிசோதனையில், தன் மருத்துவமனையிலிருந்து நோயாளிகளைச் சேர்த்துக் கொடுத்தவரின் பெயரும் நடுவில் இடம்பெறலாம். அந்த பேப்பர் 5,000 சைட்டேஷன் பெற்றால் முதல் பெயருக்கும் 5,000, நடுப் பெயருக்கும் 5,000. பங்கு பிரிப்பதே கிடையாது. நோயாளிகளைச் சேர்ப்பது சின்ன வேலை என்று நான் சொல்லவில்லை, அது இல்லாமல் எந்தப் பரிசோதனையும் நடக்காது. ஆனால் 20,000இல் 15,000 அப்படி நாலைந்து பெரும் பேப்பரிலிருந்து வந்ததா, அவரே எழுப்பிய கேள்விகளிலிருந்து வந்ததா என்பதை மொத்த எண் சொல்லாது.

துறையும் கணக்கை மாற்றும். புற்றுநோய் பற்றி எழுதுகிறவர்கள் உலகெங்கும் குவிந்திருக்கிறார்கள், அவர்களின் பட்டியல்களும் நீளம். கணிதத்தில் எழுதுகிறவர்கள் குறைவு, பட்டியல் குட்டை. ஆகவே நுரையீரல் புற்றுநோய் டாக்டரையும் ஐஐடி பவாய்க் கணிதப் பேராசிரியரையும் இந்த எண்ணில் எடை போடுவதில் அர்த்தமே இல்லை. நுரையீரல் புற்றுநோய்க்குள்ளேயே மருந்து தருகிறவருக்கும் அறுவைசிகிச்சை செய்கிறவருக்கும் எண் வேறுபடும். புதிய மருந்து பற்றிய பேப்பர் மளமளவென்று ஏறும். மார்பைத் திறந்து கட்டியை எடுக்கும் நுட்பம் பற்றிய பேப்பர் மெல்ல ஏறும்.

தமிழர்களுக்கே உரிய ஒரு தொல்லையும் இங்கே உண்டு. நம் இனிஷியல். ஒருவரின் பெயர் ஓரிடத்தில் ‘கே. ரமேஷ்’ என்றும், இன்னோரிடத்தில் அப்பா பெயர் குடும்பப் பெயராகி ‘ரமேஷ் கிருஷ்ணன்’ என்றும், வேறோரிடத்தில் ‘கிருஷ்ணன் ஆர்.’ என்றும் அச்சாகும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். தலைகீழாக, வேறு வேறு ஊரிலுள்ள நாலு ரமேஷ்களின் பேப்பர்கள் ஒருவர் கணக்கில் விழுந்து, அவர் எண் ஊதிக்கொள்வதும் நடக்கும். இதற்காகவே ஆர்கிட் என்ற பதினாறு இலக்க அடையாள எண் 2012இல் வந்தது. ஆய்வாளருக்கு ஆதார் மாதிரி. டாக்டரின் பக்கத்தில் அது இருந்தால் கணக்கைக் கொஞ்சம் நம்பலாம்.

சுருக்கம்: மொத்த சைட்டேஷன் என்பது வயது, துறை, கூட்டாளிகளின் எண்ணிக்கை, பெயர்க் குழப்பம் எல்லாம் கலந்த எண். திறமையும் அதற்குள் இருக்கிறது, தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாதபடி.

எச் இண்டெக்ஸ்

ஒரே ஒரு பேப்பர் எகிறி மொத்தத்தைத் தூக்கிவிடக்கூடாது என்று 2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன அளவு இது. ஒருவரின் பேப்பர்களைச் சைட்டேஷன் அதிகமுள்ளதிலிருந்து குறைவானது வரை வரிசையாக அடுக்குங்கள். ஒரு கற்பனை டாக்டருக்கு ஏழு பேப்பர்: 90, 40, 12, 6, 5, 3, 0. ஐந்தாவது பேப்பருக்கு 5 சைட்டேஷன் இருக்கிறது, சரி. ஆறாவதற்குக் குறைந்தது 6 வேண்டும், 3தான் இருக்கிறது. எனவே இவரின் எச் இண்டெக்ஸ் 5. எச் இண்டெக்ஸ் 58 என்றால் 58 பேப்பர்கள் ஒவ்வொன்றும் குறைந்தது 58 தடவை குறிப்பிடப்பட்டிருக்கின்றன.

தொடர்ந்து எழுதுகிறவரை இது கண்டுகொள்ளும். வாழ்நாளில் ஒரே பேப்பர் எழுதி, அதுவே ஒரு நோயின் சிகிச்சையை மாற்றி, 3,000 சைட்டேஷன் வாங்கியவருக்கு எச் இண்டெக்ஸ் 1. இன்னொன்று, இந்த எண் இறங்கவே இறங்காது. டாக்டர் ஓய்வுபெற்று லோனாவாலாவில் தோட்டம் போட்டுக்கொண்டிருந்தாலும் ஏறும். அதே பக்கத்தில் ஐ10 என்றும் ஒன்று இருக்கும்: பத்து சைட்டேஷனாவது பெற்ற பேப்பர்களின் எண்ணிக்கை. அதைப் பொருட்படுத்தாமல் விடலாம்.

இம்பாக்ட் ஃபாக்டர் யாருடையது?

“டாக்டரின் இம்பாக்ட் ஃபாக்டர் எவ்வளவு?” என்று கேட்பவர்கள் உண்டு. டாக்டருக்கு அது கிடையாது, இதழுக்குத்தான். ஓர் இதழ் கடந்த இரண்டு ஆண்டுகளில் 200 பேப்பர் வெளியிட்டு, அவற்றுக்கு இந்த ஆண்டு 1,000 சைட்டேஷன் வந்தால் அதன் இம்பாக்ட் ஃபாக்டர் 5. வெறும் சராசரி.

இந்தச் சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்குப் புற்றுநோய்த் துறையே நல்ல உதாரணம் தருகிறது. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் இதழ் ஒன்றின் இம்பாக்ட் ஃபாக்டர் 2020 கணக்கில் 500ஐத் தாண்டியது. பெரிய மருத்துவ இதழ்களெல்லாம் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியவில்லை. அந்த இதழில்தான் நான் முன்பு சொன்ன புள்ளிவிவரப் பேப்பர்கள் வருகின்றன. குறைவாக வெளியிடும் இதழ், அதில் எல்லோரும் முதல் வரிக்காகக் குறிப்பிடும் சில பேப்பர். சராசரி விண்ணுக்குப் போய்விட்டது. அதே இதழில் வந்த மற்றொரு கட்டுரை எப்படிப்பட்டது என்று அந்த 500ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இதழின் எண்ணை ஆளின் தலையில் கட்டாதீர்கள் என்று ஆய்விதழ் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் கூடி ஓர் அறிக்கையே எழுதினார்கள். ஆனாலும் பதவி உயர்வுக் குழுக்களில் அந்த எண் இன்னும் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறது.

‘உலகின் தலைசிறந்த 2 சதவீதம்’

ஆண்டுதோறும் செய்தித்தாளில் வரும்: ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இன்னாரை உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகளில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது என்று. தேர்வுக் குழு, விருது, விழா எதுவும் கிடையாது. ஸ்டான்ஃபோர்டில் பணிபுரியும் ஜான் அயோனிடிஸ் என்ற பேராசிரியரும் சகாக்களும் ஸ்கோபஸ் தரவை எடுத்துக் கணினியில் போட்டுத் தரும் பட்டியல் அது. 2019 முதல் வருகிறது. வாழ்நாள் முழுவதற்கும் ஒன்று, அந்த ஒரு ஆண்டுக்கு மட்டும் ஒன்று என இரண்டு பட்டியல். செய்தி எதைச் சொல்கிறது என்பதைப் பார்த்துவிட்டு மாலை போடலாம்.

அந்தப் பட்டியலில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறார்கள். முதல் ஆசிரியரா, கடைசி ஆசிரியரா, எத்தனை பேரோடு எழுதினார் என்பதையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். தன் பேப்பரைத் தானே குறிப்பிட்டுக்கொண்ட சைட்டேஷனைக் கழித்தும் காட்டுகிறார்கள். தன்னைத் தானே குறிப்பிடுவது குற்றமில்லை. ஐந்தாண்டுப் பலனை எழுதும்போது அதே பரிசோதனையின் முதல் பேப்பரைக் குறிப்பிட்டுத்தான் ஆக வேண்டும். பாதிக்கு மேல் அப்படியே என்றால் சந்தேகம் வரும். வேலையே செய்யாத துறைத்தலைவரின் பெயரைச் சேர்ப்பது, நீ என்னைக் குறிப்பிடு நான் உன்னைக் குறிப்பிடுகிறேன் என்ற ஒப்பந்தம், காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள்: இவையெல்லாம் உண்மையில் நடப்பவை. எண்ணை வைத்துச் சம்பளமும் பதவியும் தந்தால் எண்ணைத் தயாரிக்கத்தான் ஆள் கிளம்புவார்கள்.

நோயாளி வீட்டார் எதைப் பார்க்கலாம்?

பாஸ்டனில் ஜெனிஃபர் டெமெல் குழு 2010இல் ஒரு பேப்பர் வெளியிட்டது. பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு ஆரம்பத்திலிருந்தே பேலியேட்டிவ் கேர், அதாவது வலி, மூச்சுத்திணறல், பயம், குடும்பத்தின் குழப்பம் எல்லாவற்றையும் உட்கார்ந்து கேட்டுக் கவனிக்கும் மருத்துவம். அவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்பதோடு அதிக நாள் வாழவும் செய்தார்கள்: 8.9 மாதத்துக்கு எதிராக 11.6 மாதம். இத்துறையில் மிக அதிகம் குறிப்பிடப்படும் பேப்பர்களில் இதுவும் ஒன்று. ஆனால் தினமும் வார்டில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்கிற டாக்டருக்கும் நர்சுக்கும் எச் இண்டெக்ஸ் ஒரு புள்ளிகூட நகராது. எந்தத் தளத்தில் தேடினாலும் அந்த வேலை அகப்படாது.

டாக்டரின் ஆய்வைப் பார்த்தே தீர வேண்டும் என்றால் மொத்த எண்ணை மறந்துவிட்டு, பப்மெட் என்ற இலவசத் தளத்தில் அவர் பெயரைப் போட்டு, சமீபத்திய பத்து பேப்பர்களின் தலைப்பை மட்டும் படியுங்கள். நுரையீரல் புற்றுநோய் பற்றியவையா? அவர் பெயர் முதலிலோ கடைசியிலோ வருகிறதா, எப்போதும் நடுவிலா? நம் நாட்டு நோயாளிகளிடம் செய்த பரிசோதனையா, பிறர் எழுதியதைத் தொகுத்த கட்டுரையா? கால்மணி நேர வேலை. இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரிசோதனைகளைப் பதிவு செய்யும் சி.டி.ஆர்.ஐ. தளத்தில், இப்போது எந்த மருத்துவமனையில் எந்தப் பரிசோதனை நடக்கிறது என்று யாரும் தேடலாம். தகுதி இருந்தால் அதில் சேர்வது பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.

மருத்துவமனையைப் பற்றிக் கேட்க வேண்டியவை வேறு. கட்டியின் மரபணுப் பரிசோதனை அங்கே செய்கிறார்களா? மருந்து, அறுவை, கதிர்வீச்சு மூன்று துறை டாக்டர்களும் ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுக்கும் ட்யூமர் போர்டு கூடுகிறதா? மும்பைக்கு வந்துதான் தீர வேண்டுமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே. நாடெங்கும் உள்ள புற்றுநோய் மருத்துவமனைகளை இணைக்க 2012இல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட் பொதுவான சிகிச்சை வழிமுறைகளை வகுத்துத் தருகிறது. மாதக்கணக்கில் கீமோ போட வேண்டியவர் பரேலில் அறை தேடி அலைவதைவிட, ஒருமுறை வந்து கருத்துக் கேட்டுவிட்டு ஊருக்குப் பக்கத்திலேயே சிகிச்சையைத் தொடர முடிந்தால் அது பெரிய விஷயம்.

அப்படி வருகிறவர்கள் ரயில் ஏறுவதற்கு முன் ஊர் மருத்துவமனையிலிருந்து பயாப்சியின் ஸ்லைடும், எடுத்த சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கும் கையோடு வாங்கி வாருங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. சி.டி. ஸ்கேன் படங்கள் பதிந்த வட்டும் வேண்டும். பிளாக் இல்லாமல் வந்து நின்றால் மரபணுப் பரிசோதனைக்கு மறுபடி ஊசி போட்டுச் சதை எடுக்க வேண்டியிருக்கலாம், அல்லது ஊரிலிருந்து கூரியர் வரும்வரை செம்பூரில் காத்திருக்க வேண்டியிருக்கும்.